சனிக்கிழமை பத்து மணிக்கு எம்.பி. இருப்பார்

லண்டனுக்கு வந்த புதிதில் நான் ஒரு பெரிய புளுகை அவிழ்த்துவிட்டேன். புளுகு என்று தெரியாமலே அவிழ்த்துவிட்டதால் அதில் ஒரு நேர்மை இருந்தது என்று என் மனைவியிடம் பல வருடங்களாக வாதாடி வருகிறேன். அவள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்கு அடுத்த வருடம் அது. யாழ்ப்பாணத்தில் ஒரு தினசரியில் துணை ஆசிரியராக இருந்தவன் நான். இதை நான் யாருக்கும் சொல்லாமல் விட்டதில்லை. விமான நிலையத்துக் குடிவரவு அதிகாரிக்குச் சொன்னேன். பஸ்ஸில் பக்கத்து ஆசனக்காரருக்குச் சொன்னேன். பெற்றோல் செற்றில் வேலை தந்த முதலாளிக்கும் சொன்னேன். அவர் நன்றாகக் கேட்டுவிட்டு, கார்க் கண்ணாடி துடைக்கத் தெரியுமா என்றார். லண்டனில் என் பேனாவுக்கு இருந்த மதிப்பு அவ்வளவுதான்.

மோர்டனில் ஒரு வீட்டின் மாடி அறை வாடகைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். ஒரே மாதிரியான வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும் தெரு. அந்த ஒரு கதவில் மட்டும் மினுக்கிய பித்தளைத் தகடு. ஒரு மனிதரின் பெயர். அதன் கீழே, நாடாளுமன்ற உறுப்பினர் என்று ஆங்கிலத்தில். அதன் கீழே வாய்க்குள் நுழையாத ஓர் ஊரின் பெயர். கடைசி வரியில், மக்களைச் சந்திக்கும் நேரம் சனிக்கிழமை காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை என்று இருந்தது.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. எம்.பி. வீடு! எங்கள் ஊர் ஆளுக்கு எம்.பி. என்றால் என்னவென்று மற்றவர்களுக்கு விளங்காது. வாத்தியாரின் இடமாற்றம், தபால் கந்தோரில் வேலை, ஒழுங்கைக்குத் தார், பொலிஸ் பிடித்துக்கொண்டு போன சைக்கிள், எல்லாம் எம்.பி. தரும் ஒரு துண்டுக் கடிதத்தில் முடிந்துவிடும். எம்.பி.யைப் பிடிப்பதற்கே ஆளைப் பிடிக்க வேண்டும். நானோ அவருடைய தலைக்கு மேலேயே குடியிருக்கப் போகிறேன். அறைக்குள் மழைத் தண்ணீர் ஒழுகுமா என்றுகூடப் பார்க்காமல் சம்மதித்தேன். ஒழுகியது.

கதவைத் திறந்தவர் எழுபதை எட்டிய நெட்டையான மனிதர். வீட்டுக்குள்ளும் கோட்டும் கழுத்துப்பட்டியும், காலில் மட்டும் கிழிந்த செருப்பு. அவருடைய ஆங்கிலம் எனக்கு விளங்கவில்லை. அதை வைத்து அவர் யாரென்று பிடித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அப்போது எந்த வெள்ளைக்காரரின் ஆங்கிலமும் எனக்கு விளங்குவதில்லை. ஆகவே அவர் அசல் ஆங்கிலேயர் என்றே முடிவு கட்டினேன்.

அன்று மாலையே தெருமுனைத் தொலைபேசிக் கூட்டுக்குள் நின்று தெரிந்தவர்களுக்கெல்லாம் அடித்தேன். "நான் இப்ப எம்.பி. வீட்டிலதான் இருக்கிறன். ஓம், ஓம், இஞ்சத்தை எம்.பி.தான். நல்ல பழக்கம். என்ன அலுவல் எண்டாலும் சனிக்கிழமை வாங்கோ, நான் கதைச்சு விடுறன்" என்று வாய் கூசாமல் சொன்னேன். ரெய்னர்ஸ் லேனில் ஒருவருக்குச் சொன்னால் லண்டனின் மறுகோடியில் இருக்கும் குட்மேய்ஸ் வரைக்கும் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். அதற்காகத்தான் சொன்னேன்.

சனிக்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டு யன்னலால் எட்டிப் பார்த்தேன். வாசலில் இருந்து கேற் வரைக்கும் எங்கள் சனம். குடைகளும் குழந்தைகளுமாக நின்றார்கள். ஒருவர் எம்.பி.யை வெறுங்கையோடு பார்க்கப் போகக் கூடாது என்று கடையில் இருந்த வாழைப்பழம் முழுவதையும் வாங்கி வந்திருந்தார். நான் பிரஷும் வாயுமாகக் கீழே ஓடினேன். அதற்குள் கிழவர் கதவைத் திறந்துவிட்டார்.

அவர் அந்த வரிசையைப் பார்த்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "ஆரைப் பார்க்க வந்தனீங்கள்?" என்று கேட்டார். "எம்.பி.யை" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் எத்தனையோ வருடம் பழகியதாலோ என்னவோ, என் நினைவில் அவர் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுகிறார். அதை அப்படியே விடுகிறேன். என் காதில் விழுந்த மாதிரித்தானே நான் எழுத முடியும்.

அவர் என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போய் விசாரித்தார். நான் சொன்னேன். அவரும், எனக்கு விளங்கும்வரை திருப்பித் திருப்பிச் சொன்னார். அவர் எம்.பி.தான், அதில் பொய்யில்லை. ஆனால் செக்கோஸ்லோவாக்கியாவில் ஒரு சிறிய ஊருக்கு எம்.பி. யுத்தம் முடிந்து நடந்த தேர்தலில், கட்சிப் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்த இளைஞரான அவரை அந்த ஊர் தெரிவு செய்தது. நாற்பத்து எட்டில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைக் கைப்பற்ற, மலை ஏறி எல்லை தாண்டி ஓடிவந்தார். அன்றிலிருந்து அங்கே உண்மையான தேர்தல் ஒன்றும் நடக்கவில்லை. ஆகவே சட்டப்படி அந்த ஆசனம் இன்னும் தன்னுடையது என்றார்.

எனக்குக் காது இரண்டும் சூடேறிவிட்டது. "ஐயா, மன்னியுங்கோ. நான் இவையை அனுப்பிவிடுறன்" என்றேன்.

"ஆரை அனுப்பப் போறீர்?" என்று சீறினார். "முப்பத்தைஞ்சு வருசத்துக்கு மேல சனிக்கிழமை சனிக்கிழமையா இந்தக் கதவைத் திறந்துபோட்டு இருக்கிறன். இண்டைக்குத்தான் ஆக்கள் வந்திருக்கினம். ஒரு ஆளை அனுப்பினீரோ, உம்மை அனுப்பிப்போடுவன்."

அவருடைய கணக்கு எளிமையானது. தன் தொகுதியில் இருந்து யாராவது ஒருவர் என்றைக்காவது தப்பி வரலாம். வந்து, எனக்கு இதைச் செய்து தாருங்கள் என்று கேட்கலாம். கேட்டால் அதைச் செய்ய வேண்டும். அதற்குத்தான் எம்.பி. அன்றைக்கு என்று பார்த்துக் கதவு பூட்டியிருந்தால் எவ்வளவு வெட்கக்கேடு! அவர் மாதா மாதம் றோணியோ இயந்திரத்தில் அடித்து அனுப்பும் பத்திரிகையின் கடைசிப் பக்கத்திலும் சனிக்கிழமை பத்து மணி என்று போட்டுக்கொண்டே இருந்தார். ஒரு சீவனும் வரவில்லை. அந்த ஒரு ஆளுக்காகவே அவர் பிரித்தானியக் குடியுரிமைகூட எடுக்கவில்லை. ஒரு நாட்டின் எம்.பி. இன்னொரு நாட்டு ராணிக்குச் சத்தியம் செய்யலாமா என்பது அவர் கேள்வி. கூட வந்த நண்பர்கள் எல்லாரும் சத்தியம் செய்து, வேலை எடுத்து, தோட்டத்தில் ரோசா வளர்த்தார்கள். இவர் நாடற்றவராகவே இருந்து, ஓர் அச்சகத்தில் மற்றவர்களின் பிழை திருத்தி ஓய்வு பெற்றார். அவர் மனைவியும் அந்த ஒருவர் வருவார் வருவார் என்று தேத்தண்ணிக்குக் கேத்தல் வைத்து வைத்தே செத்துப்போனாள்.

இப்படியாக மோர்டனில் ஒரு செக் எம்.பி.யின் அலுவலகம் யாழ்ப்பாணத்து மக்களுக்காகத் திறக்கப்பட்டது. நான் மொழிபெயர்ப்பாளன். அந்தப் பதவியையும் நானே எடுத்துக்கொண்டேன்.

முதல் நாள் ஒரு மனிதர் வந்து நெடுநேரம் பேசினார். தமையனோடு நடந்த சண்டை, வேலி, ஆமிக்காரன், பக்கத்து வீட்டில் கட்டிவிட்டு வந்த மாடு என்று எங்கெல்லாமோ சுற்றினார். நான் பத்திரிகைக்காரன் அல்லவா, சுருக்கி எழுதிப் பழகியவன். எம்.பி.யின் பக்கம் திரும்பி, "இவர் ஓர் அகதி" என்றேன்.

கிழவர் என்னை முறைத்தார். "அவர் கையை இப்பிடி வைச்சு ஏதோ கொம்பு காட்டினவர். மாடு எங்கை?"

"மாடு முக்கியமில்லை ஐயா."

"அதை நீர் எப்பிடிச் சொல்லலாம்? அவர் கதைக்கேக்கை மாட்டில வந்துதான் குரல் உடைஞ்சது."

அன்று ஒரு சட்டம் போட்டார். இந்த அறைக்குள் ஒருவர் சொல்லும் எதுவும் அறைக்குள் இருக்கும் மற்றவருக்கு விளங்காமல் போகக் கூடாது. ஒரு சொல்லும் விடக் கூடாது, ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது. இரண்டாவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒருவருக்கு வயிற்றுவலி என்றால் நான் இனப் பிரச்சினையின் வரலாற்றோடு ஆரம்பிப்பேன். கிழவர் மேசையில் விரலால் தட்டி, "வயிறு, வயிறு" என்பார்.

அவர் எழுதிய கடிதங்கள் வேலை செய்தன என்பதுதான் அதிசயம். தலைப்பில் நாடாளுமன்ற உறுப்பினர் என்று இருந்தது, கீழே தொகுதியின் பெயரும் ஒளிவு மறைவில்லாமல் இருந்தது. அந்த ஊர் எந்த நாட்டில் என்று ஒருவரும் கேட்கவில்லை. கவுன்சிலில் இருந்து பதில் மரியாதையாக வந்தது. எங்கள் சனத்துக்கு வீடு கிடைத்தது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது. கடைகளில் "எங்கட எம்.பி." என்ற கதை நடந்தது. அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தவன் என்ற முறையில் நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மரக்கறி வாங்கினேன்.

அவருடைய கட்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் லண்டன் மத்திய குழுவில் மிஞ்சி இருந்தவர்கள் மூன்று கிழவர்கள். அதிலும் இரண்டு பிரிவு. ஒருவரோடு ஒருவர் பேச மாட்டார்கள். கூட்டம் நடக்கும்போது என்னை நடுவில் இருத்தி, "அந்தக் கதிரையில இருக்கிறவருக்குச் சொல்லும், அவற்ற தீர்மானத்தை எதிர்க்கிறன் எண்டு" என்பார்கள். நான் மேலே போய்த் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரிப்பேன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் எங்கள் பழைய மாணவர் சங்கம் உடைந்தது. விழாவில் குத்துவிளக்கின் முதல் திரியை யார் ஏற்றுவது என்பதுதான் பிரச்சினை. நான் ஒரு பிரிவுக்குச் செயலாளர் ஆனேன். குத்துவிளக்கு எங்களிடம் இருந்தது, அங்கத்தவர்கள் மற்றப் பிரிவோடு போய்விட்டார்கள்.

இதற்கிடையில் என் மனைவி ஊரிலிருந்து வந்து சேர்ந்தாள். எம்.பி. வீடு, எம்.பி. வீடு என்று நான் எழுதியதை நம்பி, நல்ல சேலையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு வந்தவள், கிழவர் கிழிந்த செருப்போடு குப்பை வாளியை இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். கொடுப்புக்குள் சிரித்தாள். அதற்குப் பிறகு நான் சனிக்கிழமை காலையில் கழுத்துப்பட்டி கட்டும்போதெல்லாம் தொடங்கிவிடுவாள்.

"இஞ்சேருங்கோ, பாராளுமன்றத்துக்கு வெளிக்கிட்டாச்சோ? போற வழியில உந்தக் கண்டறியாத குப்பையையும் கொண்டுபோய்ப் போடுங்கோ."

ஆனால் கிழவரை அவளுக்குப் பிடித்துவிட்டது. தன் புருஷனிடம் இல்லாத ஏதோ ஒன்று அவரிடம் இருந்ததாம். என்னவென்று கேட்டேன். "அவர் ஆக்கள் கதைக்கேக்கை கேக்கிறார்" என்றாள்.

எண்பத்தொன்பது கார்த்திகையில் ரிவியில் பிராக் நகரத்தைக் காட்டினார்கள். ஒரு பெரிய சதுக்கம் நிறையச் சனம் நின்று சாவிக்கொத்துகளைக் கிலுக்கியது. கிழவர் ரிவிக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தார். இருங்கோ ஐயா என்றால் கேட்கவில்லை. என் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து கையில் கொடுத்தாள். அதைக் குடிக்காமலே ஆற விட்டார். சில வாரங்களில் அந்த அரசாங்கம் விழுந்தது. அடுத்த ஆனியில் உண்மையான தேர்தல் என்றார்கள்.

தடைசெய்யப்பட்டிருந்த அவருடைய கட்சியை அங்கே மறுபடி தொடங்கினார்கள். பிராக்கில் இருந்து தொலைபேசி வந்தது. அவருடைய பழைய தொகுதிப் பட்டியலில் முதலாவது பெயராக அவரைப் போடப் போகிறார்களாம். சம்மதமா என்று கேட்டார்களாம். எழுபத்தைந்து வயது மனிதர் படி ஏறி ஓடிவந்து எங்கள் அறைக் கதவைக் கையால் அடித்தார். நான் அவரைக் கட்டிப்பிடித்தேன். அவர் அழுதார், நானும் அழுதேன். என் அழுகைக்கு வேறு ஒரு காரணமும் இருந்தது. எம்.பி.க்கு ஒரு பத்திரிகைச் செயலாளர் தேவைப்படுமே! அந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாது என்பது எனக்கு ஒரு தடையாகவே படவில்லை. மனைவியிடம் எனக்குத் தடித்த கோட் ஒன்று வேண்டும், அங்கே குளிர் அதிகம் என்றேன்.

"உங்களுக்கு என்ன விசரே?" என்றாள். "மனுசன் தன்ர சனத்திட்டப் போகுது. நீங்கள் ஏன் இடையில?"

எங்கள் சனமும் சும்மா இருக்கவில்லை. தேர்தலுக்கு முன்னமே "எங்கட எம்.பி. வெண்டிட்டாராம்" என்று கதை பரவியது. பாராட்டு விழாவுக்கு ஒரு பள்ளிக்கூட மண்டபம் பேசினார்கள். சங்கத்தின் இரண்டு பிரிவும் தனித்தனியாக விழா வைப்பதென்று முடிவானது. வாழ்த்துமடல் எழுதும் பொறுப்பை நான் எடுத்தேன். அதில் அவரைச் சிங்கம் என்றும், பொதிகைத் தென்றல் என்றும், கலங்கரை விளக்கம் என்றும் அழைத்தேன். கிழவர் அதன் மொழிபெயர்ப்பைக் கேட்டுவிட்டு, இதில் வயிறு எங்கே என்றார்.

பங்குனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. நல்ல மழை. ஆட்கள் நடையில் போட்டிருந்த நீள வாங்கில் இருந்தார்கள். நான் வழக்கம்போலக் கதவடியில் நின்று, கவுன்சில் அலுவலா, பெனிபிட் என்ற உதவிப்பண அலுவலா என்று தோரணையாகக் கேட்டு உள்ளே விட்டுக்கொண்டிருந்தேன். கடைசியாக மன்னாரில் இருந்து வந்த ஓர் அக்கா மட்டும் மிஞ்சியிருந்தார். கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில் மகளுக்கு இடம் வேண்டும், கழுத்துச் செபமாலையை விரலில் உருட்டிக்கொண்டு இருந்தார். அப்போது நனைந்துபோன ஒரு வெள்ளைக்காரர் வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். தோளில் ஒரு பை, முகம் நித்திரை இல்லாமல் வீங்கியிருந்தது.

"கவுன்சிலா, பெனிபிட்டா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

அவருக்கு ஆங்கிலம் தெரியவில்லை. கதவுத் தகட்டில் இருந்த ஊரின் பெயரில் விரலை வைத்தார். பிறகு அதே விரலைத் தன் நெஞ்சில் வைத்தார்.

உள்ளே ஓடினேன். "ஐயா, உங்கட ஊரில இருந்து ஒரு ஆள் வந்திருக்கிறார்."

கிழவர் எழுந்தார். கோட்டுப் பொத்தானைப் பூட்டினார். விரல் வழுக்கி மறுபடி பூட்டினார். "வரிசையில அவருக்கு முன்னால ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டார். ஓர் அக்கா இருக்கிறார் என்றேன். "அப்ப அவர் பிறகு வரட்டும். இஞ்சை எல்லாருக்கும் ஒரு சட்டம்தான்" என்றார். சொல்லும்போது அவருடைய கண் கதவிலேயே இருந்தது.

நான் வெளியே வந்து அக்காவிடம் சொன்னேன். அவர் அந்த மனிதரை மேலும் கீழும் பார்த்தார். "அவரை முதல்ல விடுங்கோ தம்பி. தூரத்தால வந்த மனுசன் போல கிடக்கு. எனக்கு அவசரமில்லை, நான் இருக்கிறன்" என்றார்.

அந்த மனிதர் உள்ளே போனார். இரண்டு பேரும் கை கொடுத்தார்கள். கிழவர் அவருடைய கையை விடவே இல்லை, பிறகு தானே வெட்கப்பட்டு விட்டார். கதிரையைக் காட்டினார். நான் மெல்ல வெளியே போகத் திரும்பினேன்.

"நில்லும்" என்றார் கிழவர். "நீர் இந்த அறைக்குள்ளதானே இருக்கிறீர். உமக்கும் விளங்க வேணும்."

அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு பேசினார். கொஞ்சம் பேசுவார், நிறுத்துவார். நிறுத்தும்போது கிழவர் என் பக்கம் திரும்பி, இத்தனை வருடம் நான் அவருக்குச் செய்ததை எனக்குச் செய்தார்.

"பஸ்ஸில வந்தவராம். ரண்டு நாளாச்சாம். பழைய பேப்பர் ஒண்டில சனிக்கிழமை பத்து மணி எண்டு பாத்தவராம்."

எனக்குச் சந்தோஷப் புளுகம் தாங்கவில்லை. பாருங்கள், அந்தப் பேப்பர் வேலை செய்துவிட்டது என்று கத்த வேண்டும் போல இருந்தது. கிழவரின் முகமும் பத்து வயது குறைந்திருந்தது.

"ஊரில ஒரு டொக்டர் அம்மா இருக்கிறாவாம். அரசாங்கத்தை ஆதரிச்சுக் கையெழுத்துப் போட மாட்டன் எண்டு சொன்னதுக்கு ஆஸ்பத்திரி வேலையால கலைச்சுப்போட்டாங்களாம். கன வருசம் கிழங்கு தரம் பிரிக்கிற வேலை செய்தவவாம். நாட்டை விட்டு ஒரு இடமும் ஓடேல்லையாம். பாராளுமன்றத்துக்கு அவதான் போக வேணும் எண்டு ஊர் முழுக்கச் சொல்லுதாம்."

மறுபடி அந்த மனிதர் பேசினார். இந்தத் தடவை கிழவர் என் பக்கம் திரும்பவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார். குரல் ஒரே சீராக இருந்தது.

"என்ர பேரைக் கண்டால் வயதுபோன ஆக்கள் பழைய அன்பில எனக்குப் போட்டிடுவினமாம். அவ கொஞ்சத்தில தோத்துப்போவாவாம். அதால நான் நிக்க வேண்டாம் எண்டு கேக்க வந்தவராம். தயவு செய்து வராதேங்கோ எண்டு கேக்கிறார்."

"ஐயா, நீங்கள் பிழையா விளங்கியிருப்பியள்" என்றேன்.

"என்ர பாஷை உமக்குத்தான் கூட விளங்குதோ?" என்றார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நாற்பது வருடத்துக்கு மேல் இந்தக் கதிரையில் ஒரு மனிதன் காத்திருக்கிறான், நாடில்லாமல் இருக்கிறான், நீ பஸ் ஏறி வந்து வராதே என்றா சொல்கிறாய் என்று கத்தினேன். தமிழில் கத்தினேன். அந்த மனிதர் பயந்துபோய்க் கிழவரைப் பார்த்தார். கிழவர் அமைதியாக என்னைப் பார்த்து, "அதை இங்கிலிஷில சொல்லும். அவருக்குச் சொல்ல வேணும். அதுதானே சட்டம்" என்றார்.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அதைக் கிழவர் ஒரு சொல்லும் விடாமல் தன் மொழியில் அவருக்குச் சொன்னார் என்றே நினைக்கிறேன். அந்த மனிதருடைய கண்கள் நிறைந்துவிட்டன. அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபமாக இருந்தது.

"ஐயா, சட்டப்படி ஆசனம் உங்கட. நீங்களே சொன்னனீங்கள்."

"ஓம், சட்டப்படி என்ரதான்" என்றார். "என்ர தொகுதியில இருந்து ஒரு ஆள் வந்து கேட்டால் செய்வன் எண்டும் சொன்னனான். வந்திட்டார். கேக்கிறார். இப்ப ஏலாது எண்டால் நான் என்ன எம்.பி.?"

தொலைபேசியை எடுத்துப் பிராக்குக்கு அடித்தார். சுருக்கமாகத்தான் பேசினார். அந்தப் பக்கம் யாரோ பெரிய சத்தம் போட்டது எனக்கே கேட்டது. வைத்துவிட்டு, "என்ர பேரை எடுங்கோ எண்டு சொன்னன்" என்று எனக்கு மொழிபெயர்த்தார்.

நான் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தேன். அந்தக் கோப்பையைக் கையில் வைத்திருக்கும்போதுதான் கிழவருக்கு ஏதோ நினைவு வந்தது. அந்த மனிதரிடம் கேட்டார். கேட்டுவிட்டு எனக்கும் சொன்னார். "எங்கட ஊரில ஆறு ஒண்டு இருக்கு. பள்ளிக்கூடம் அங்காலைக் கரையில. கீழ்த்தெருப் பிள்ளையள் வள்ளத்தில போய் வாறவை. ஒருக்கா ஒரு வள்ளம் தண்ணிக்குள்ள தாண்டு போச்சு. நான் தேர்தல் கூட்டத்தில, என்னைத் தெரிவு செய்தால் பாலம் கட்டித் தாறன் எண்டு வாக்குக் குடுத்தனான். அதைத்தான் கேட்டனான், அந்தப் பாலம் என்னாச்சு எண்டு."

அந்த மனிதருக்கு முதன்முதலாக முகம் மலர்ந்தது. நல்ல சேதி சொல்லக் கிடைத்த மகிழ்ச்சியில் வேகமாகச் சொன்னார், கையால் வளைவு காட்டினார்.

கிழவர் கோப்பையை மேசையில் வைத்தார். "அது எப்பவோ கட்டியாச்சாம்" என்றார். "தான் அதாலதான் பள்ளிக்கூடம் போனவராம்."

"ஆர் ஐயா கட்டினது?"

அதையும் கேட்டார். "அவங்கள்தானாம். கம்யூனிஸ்டுகள்" என்றார். பிறகு இன்னுமொன்று கேட்டார், பதிலைச் சொன்னார். "பலமான பாலமாம். லொறியும் போகுமாம்."

அந்த மனிதர் போனபோது கிழவர் கதவு வரைக்கும் கூடப் போய், மழையில் கவனம் என்று ஏதோ சொல்லி, தன் குடையையும் கையில் கொடுத்து அனுப்பினார். திரும்பி வந்து கதிரையில் இருந்தார். கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். அதற்குப் பிறகுதான் கண்ணீர் வந்தது. அவர் அதைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு நடைக்கு வந்தேன்.

வாங்கில் மன்னார் அக்கா இருந்தார். கதவு இடுக்கால் கண்டிருக்க வேண்டும். எழுந்து கிட்ட வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"என்ன தம்பி, ஐயா அழுறார்? அவற்ற ஊரில ஆரும் தவறிப்போயிட்டினமோ?"

"இல்லை அக்கா."

"பின்னை?"

"அவற்ற ஊரில பாலம் கட்டீட்டினமாம்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அது நல்ல விசயம்தானே?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா," என்றேன். "நல்ல விசயம்தான்."